கால் படாத மண்

ஏந்தலூர்ப் பெரிய ஏரியின் கரைமேல் நடந்து போகிறவர்கள், நடுக்கரையில் கற்கள் நட்டிருக்கும் இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சரிவில் இறங்கிச் சுற்றிப் போவார்கள். மாடு ஓட்டி வருகிறவனும் அங்கே மாட்டைக் கீழே இறக்கிவிடுவான். அந்த மண்ணில் மனிதக் காலும் படக் கூடாது, குளம்பும் படக் கூடாது. ஒவ்வொரு கல்லுக்கு அடியிலும் ஒரு கரைக்காவலன் நிற்கிறான் என்பது ஊர் நம்பிக்கை. நம்பிக்கை என்றுகூடச் சொல்ல வேண்டாம், உண்மையிலேயே நின்றான். நிற்க வைத்து மூடியது ஊர்தானே.

ஏந்தலூரின் சட்டம் ஒரு மூச்சில் சொல்லிவிடக் கூடியது. கரையை வெட்டியவனை அந்த உடைப்பிலேயே நிறுத்தி மூடு. பனந்தண்டோடு சேர்த்துக் கட்டி, சுற்றிலும் வைக்கோல் அடைத்து, தலை மறைகிற வரை மண் தள்ளுவார்கள். உயிர் போனதும் அவன் குற்றவாளி இல்லை, காவலன். அவனுக்கு ஒரு கல் உண்டு, தை மாதம் பொங்கல் உண்டு. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் கஞ்சி ஊற்றாத வீடுகளிலிருந்தெல்லாம் அவனுக்குப் பொங்கல் போகும். அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். ஏந்தலூரில் கொல்கிற வேலையையும் தெய்வமாக்குகிற வேலையையும் ஊரே எடுத்துக்கொண்டது.

கல்லடியில் மண் வருடா வருடம் கொஞ்சம் உள்வாங்கும். காவலனுக்குப் பசி என்பார்கள். பொங்கலன்று வீட்டுக்கு ஒரு கை மண் கொண்டுவந்து, குனிந்து, பதமாக அந்தக் குழியில் போட்டுவிட்டுப் போவார்கள். மண் ஊட்டுவது என்று அதற்குப் பேர்.

அந்த வருடம் கார்த்திகையில் விடாமல் பெய்தது. ஒரு விடியற்காலையில் நடுக்கரை, ஓரி என்கிற காவலனின் கல் நின்ற இடத்தில், பிளந்துகொண்டது. கல்லும் போயிற்று, கரையும் போயிற்று. கீழத்தெரு முழுகியது. நெல் போனதை ஊர் எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கும். காத்தாயி என்கிற நெசவுக்காரியின் இரண்டு பிள்ளைகள் படுத்திருந்த பாயோடு போய்விட்டார்கள். பெரியவள் தாழைப் புதரில் கிடைத்தாள். சின்னவன் கிடைக்கவே இல்லை.

உடைப்பின் ஓரத்தில் மண்வெட்டியோடு நின்ற வேம்பனைப் பிடித்தார்கள். வேம்பன் எருமைக்காரன். கரையில் புது மண் போடுகிறபோதெல்லாம் அவனுடைய எருமைகளை விட்டுத்தான் மிதிக்க வைப்பார்கள். கல்லடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்து அடைக்க ஓடினேன் என்றான். யாரும் கால் வைக்காத அந்த மண்ணில், அடித்துப் போனது போக மிஞ்சியிருந்த விளிம்பில், அவன் காலடி அழகாகப் பதிந்திருந்தது. காவலன் தலைமேல் கால் வைத்தவன் கரையை வெட்ட மாட்டானா என்று ஊர் கேட்டது. அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் ஊர் நடுவர் காரியார். அறுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பாவும் நடுவராக இருந்தவர்தான். வெள்ளம் வடிந்து சபை கூடியதும் எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் பூண் கட்டிய பிரம்பை ஊன்றி எழுந்து, வெயில் சாய்வதற்குள் வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏரிக் கோடியில் இருந்த கலிங்கை நோக்கி நடந்தார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற கல்கட்டு அது. அங்கே அவர் யாரைப் பார்க்கப் போகிறார் என்று ஊருக்குத் தெரியும். கொஞ்சம் முணுமுணுப்பு எழுந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

கலிங்கை ஒட்டிய குடிசையில் சேந்தியம்மை இருந்தாள். ஓரியின் மனைவி அவள்.

ஓரியைப் புதைத்ததுதான் காரியார் சொன்ன முதல் தீர்ப்பு. அப்போது அவர் நடுவராகிப் புதிது. ஒரு பழைய காவலனின் கல்லடியில் கரை உடைந்திருந்தது. பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஓரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலை மறைகிற வரை ஓரி ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். நான் இல்லை என்றான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று காரியார் தம்மைத் தேற்றிக்கொண்டார். காவலர்களில் முதலாமவனான முள்ளன் ஒருவன்தான் அப்படிச் சொல்லாதவன். அவன் காரியாருடைய அப்பாவின் காலத்து ஆள். ஆமாம், வெட்டினேன், என் பயிர் காய்ந்தபோது ஒரு குடம் தண்ணீர் விடாதவர்கள்தானே நீங்கள் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினான். அவனுக்குப் பிறகு இறங்கிய ஒவ்வொருவனும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் மூடப்பட்டான். உடைப்பில் விழுந்த பழைய கல்லையும் எடுத்துப் புதுக் கல்லை ஒட்டி மறுபடி நட்டுவிடுவார்கள் என்பதால், எல்லாக் கல்லும் நடுக்கரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்து காவல் காக்கிறார்கள் என்று ஊர் பெருமைப்பட்டுக்கொண்டது.

சேந்தி அப்போது கல்யாணமாகி வந்த புதுப்பெண். பிறந்த வீட்டுக்கும் போகவில்லை, ஊருக்குள்ளும் வரவில்லை. கலிங்கோரம் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டாள். முதலில் பைத்தியம் என்றார்கள். சொல்லி அலுத்த பிறகு சாமி என்றார்கள். இரண்டையும் ஒரே தூரத்தில் நிறுத்தி வைக்கலாம் என்பது ஊருக்கு வசதியாக இருந்தது. பாகப் பிரிவினைச் சண்டை, பிள்ளை இல்லாத துக்கம் என்று ஒருவர் இருவர் அவளிடம் வந்தார்கள். அவள் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்வாள். அதை நினைத்துக்கொண்டே திரும்பிப் போவார்கள்.

காரியார் முதன்முதலில் எதற்குப் போனார் என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. போய் உட்கார்ந்தார். அவள் ஒரு செம்பில் தண்ணீர் வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்தார். மறுபடியும் போனார். பிறகு போய்க்கொண்டே இருந்தார். தம்மைவிட எவ்வளவோ இளையவளை அவர் தாயே என்று கூப்பிட்டார். புருஷனைப் புதைத்தவன் பெண்டாட்டியிடம் ஞானம் கேட்கப் போகிறான் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க வேண்டியதுதான் என்று அவருக்கும் தெரியும். ஆனால் வேறு எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு மூச்சு முட்டியது.

அன்று அவர் போனபோது சேந்தியம்மை மண் மிதித்துக்கொண்டிருந்தாள். மழையில் குடிசைச் சுவர் ஒரு பக்கம் கரைந்திருந்தது. களிமண்ணில் உமியைத் தூவி, தண்ணீர் தெளித்து, குதிகாலால் அழுத்தி அழுத்தி மிதித்தாள்.

அவர் உட்காரவில்லை. "தாயே, எதுக்காகத் தண்டிக்கிறோம்?" என்று கேட்டார்.

"இத்தனை வருஷமா நீங்கதானே பெரியவரே தண்டிக்கிறீங்க."

"எங்கப்பா சொல்லிக்குடுத்ததைத்தான் சொல்லத் தெரியும். ஒருத்தனைப் புதைச்சா ஊரே பயப்படும்னு சொல்லுவாரு."

"பயந்துச்சா?"

"பயந்துச்சு. அப்புறமும் கரை உடையுது."

"அப்ப கரைக்குத்தான் பயமில்ல."

காரியார் சிரிக்கவில்லை. பழையபடி அப்பாவிடம் கற்ற மற்றக் காரணங்களையும் சொன்னார். எடுத்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்றார். போன தண்ணீர் திரும்பி வந்ததா என்று அவள் கேட்டாள். தண்டனை மனிதனைத் திருத்தும் என்று ஆரம்பித்தவர், புதைந்தவன் திருந்தியதை யார் பார்த்தார்கள் என்று தமக்கே தோன்ற, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வேம்பன் என்ன சொல்றான்?"

"கசிவை அடைக்க ஓடினேன்கிறான்."

"அவரும் இல்லைன்னுதான் சொன்னாரு."

தன் கணவனைப் பற்றி அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. காரியார் தலையைக் குனிந்துகொண்டார். அவளுடைய கால் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தது.

பிறகு அவள் சொன்னாள். "உங்க பிரம்பை எடுத்துக்கிட்டு இங்கேருந்து உடைப்பு வரைக்கும் கரைமேல நடங்க. அடிக்கு அடி ஊன்றி நடங்க. எங்கயும் சரிவுல இறங்கக் கூடாது."

"கல்லு நட்ட இடத்துல?"

"அங்கயும்தான்."

காரியார் நடந்தார். கரை கல் மாதிரி இருந்தது. தலைமுறை தலைமுறையாக மனிதரும் மாடும் மிதித்த மண் அல்லவா. மழை பெய்து நனைந்திருந்தும் பிரம்பின் பூண் ஒவ்வொரு அடிக்கும் டக் டக்கென்று எழும்பி வந்தது. முதல் கல் முள்ளனுடையது. அதற்கு முன்னால் வந்ததும் அவருடைய கால்கள் தாமாகவே சரிவுப் பக்கம் திரும்பின. சிறு பிள்ளையில் ஒரு தடவை தெரியாமல் அந்த மண்ணில் கால் வைத்ததற்கு அப்பா முதுகில் போட்ட அடி ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றி, மனசுக்குள் முள்ளனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பிரம்பை ஊன்றினார்.

பிரம்பு கைப்பிடி வரை உள்ளே போயிற்று.

அவர் முன்னால் சரிந்து, முள்ளனின் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்த வேகத்தில் கல்லும் ஆடியது. பிரம்பைப் பிடுங்கி இரண்டு அடி தள்ளி ஊன்றினார். டக் என்றது. மறுபடி கல்லடியில் ஊன்றினார். சாணிக் குழியில் இறங்குவது போல் இறங்கியது. அடுத்த கல்லுக்குப் போனார். அங்கேயும் இறங்கியது. அதற்கு அடுத்ததிலும் இறங்கியது. இப்போது அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. வேகமாக நடந்தார்.

கடைசியில் உடைப்பு வந்தது. ஓரியின் கல் நின்ற இடம் அதுதான். வெள்ளம் வடிந்துவிட்டதால் எதிர்ப்புறம் அறுந்து நின்ற மண்சுவர் நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரு பொந்து இருந்தது. முதலில் பெருச்சாளி வளை என்றுதான் நினைத்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மேலே தலை இருந்த குழிவு. அதற்குக் கீழே தோள் இருந்த அகலம். பனந்தண்டு மக்கிப்போன நீளக் குடைவு. வைக்கோல் அழுகிக் கறுத்த கோடு அதைச் சுற்றி ஓடியது. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மண்ணுக்குள் வெற்றிடம் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. பாதம் இருந்த இடத்திலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காரியார் பிரம்பைக் கீழே போட்டார். கரையோரம் உட்கார்ந்துவிட்டார். மற்ற இடமெல்லாம் எருமையை விட்டு மிதித்துக் கெட்டிப்படுத்துகிற ஊர், காவலன் நிற்கிற இடத்தை மட்டும் சாமி மேல் கால் படக் கூடாது என்று பொலபொலவென்று விட்டுவிடுகிறது. உள்ளே உடம்பு அழுகுகிறது, வைக்கோல் அழுகுகிறது, பனந்தண்டு மக்குகிறது. வெறுமையான இடத்துக்குத் தண்ணீர் வழி கேட்டுக்கொண்டா வரும்? முள்ளன் கரையை வெட்டினான். அவனுக்குப் பிறகு யாருமே வெட்டவில்லை. முதலில் முள்ளன் இருந்த பொந்து உடைந்தது. அதற்கு ஒருவனைப் பிடித்து நிறுத்தினார்கள். அவன் இருந்த பொந்து பிறகு உடைந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். இந்த இடத்துக்கு ஓரியை அனுப்பியது அவருடைய வாய்.

திரும்பி வந்தபோது சேந்தியம்மை மண்ணைச் சுவரில் அப்பிக்கொண்டிருந்தாள். உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள்.

"அப்ப ஏன் தாயே சொல்லல?"

"சொன்னேனே. அவர் போன மறு வருஷம், மண் ஊட்டற அன்னைக்கு வந்து சொன்னேன். பள்ளம் விழுது, எருமையை விட்டு மிதிங்கன்னேன். காவலன் பெண்டாட்டியே காவலனை மிதிக்கச் சொல்றாளேன்னு பொம்பளைங்க அழுதாங்க. நீங்களும் அங்க இருந்தீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. பாவம், துக்கத்தில் பேசுகிறாள், கையைப் பிடித்துப் பக்குவமாக அழைத்துப் போங்கள் என்று சொன்னவரே அவர்தான்.

வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அவர் ஊருக்கு நடந்தார். நடக்கும்போது நெஞ்சில் ஒரு துணிவு கூடக் கூட வந்தது. கையில் இருப்பது பேச்சு இல்லை, எவன் வேண்டுமானாலும் ஊன்றிப் பார்க்கக்கூடிய பிரம்பு. பார்த்த பிறகு யார் மறுக்க முடியும் என்று நினைத்தார். அறுபது வயசுக்கு மேலும் மனிதன் அப்படி நினைக்கிறான்.

உடைப்பின் வாயிலேயே சபை கூடியிருந்தது. நடுவில் குழி தயாராக இருந்தது. பனந்தண்டு நட்டாயிற்று. வைக்கோல் கட்டுகள் அடுக்கியிருந்தன. வேம்பன் கைகள் பின்னால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தான். காத்தாயி முன்வரிசையில் இருந்தாள். பிள்ளைகள் போன நாளிலிருந்து அவள் தலை வாரவில்லை. மடியில் சின்னவனுடைய அரைஞாண் கயிறு இருந்தது. கயிறு மட்டும் எப்படியோ வீட்டில் தங்கிவிட்டது.

காரியார் பார்த்ததையெல்லாம் சொன்னார். பிரம்பு இறங்கியதைச் சொன்னார், எதிர்ச் சுவரைக் கையால் காட்டினார். ஊர் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சில கிழவர்கள் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காவலன் புறப்பட்டுப் போய்விட்டான், அதுதான் கரை நிற்கவில்லை என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். அந்தப் பேச்சு ஒரு நொடியில் சபை முழுக்கப் பரவிவிட்டது. இவ்வளவு தெளிவான விஷயத்தை நடுவர் ஏன் சுற்றி வளைக்கிறார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலியான இடத்துக்கு ஆள் வேண்டும், ஆளும் இருக்கிறான்.

அப்போது காத்தாயி எழுந்தாள். கத்தவில்லை. காரியாரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப யாருமே செய்யலையா ஐயா? எம்புள்ளைங்க சும்மாவே போயிடுச்சா?"

காரியார் வாயைத் திறந்தார். சொல்ல வேண்டிய பதில் அவர் நாக்கில் இருந்தது. அதை அவளிடம், அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு, சொல்வதற்கு அவருக்குப் பலம் போதவில்லை. மெல்லிய குரலில், "நாமதாம்மா" என்றார். பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் கேட்டது. கேட்டவர்கள் முகம் கறுத்தது.

வல்லங்கிழார் என்பவர் அந்த ஊரில் பெரிய நிலக்காரர், எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். அவர் முன்னால் வந்து, குரலை உயர்த்தாமல், சட்டத்தின் இன்னொரு பாதியை நினைவுபடுத்தினார். கரை வெட்டியவனை விடுகிற நடுவர் அவன் இடத்தில் நிற்க வேண்டும். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது என்பது போலவே சொன்னார். பிறகு கையைக் கூப்பினார்.

"கரை உடைஞ்ச நாள்லேருந்து ஊரு தூங்கலைங்க. கண்ணை மூடினா தண்ணிச் சத்தம் கேக்குது. ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க தூங்கிக்கறோம்."

காரியார் குழியைப் பார்த்தார். பனந்தண்டைப் பார்த்தார். தம்மை அதில் சேர்த்துக் கட்டினால் கயிறு எங்கெங்கே இறுகும் என்று அவருக்குத் தெரிந்தது. பிரம்பை அழுத்திப் பிடித்தார். நியாயம், சத்தியம் என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவர்தான். அந்த நேரத்தில் அவருக்கு உயிர்தான் வெல்லமாக இருந்தது.

அவர் வார்த்தையைச் சொன்னார்.

வேம்பன் அழுது புரளுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் காரியாரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பேசியதைக் கேட்டு அவன் முகத்தில் சற்று முன்பு உயிர் வந்திருந்தது. இப்போது அது போய்விட்டது. தூக்கி நிறுத்தியபோது ஒன்றே ஒன்று கேட்டான்.

"எருமைங்களை மிதிக்க ஓட்டிக்கிட்டு வருவீங்க. கன்னை மட்டும் வீட்டுல கட்டிப் போட்டிருக்கேன் ஐயா. அதை அவுத்து விடச் சொல்லுங்க. பசியில கெடக்கும்."

சொல்கிறேன் என்று காரியார் தலையை ஆட்டினார்.

பக்கவாட்டில் மண் கொட்டி எருமைகளை ஏற்றினார்கள். எஜமானன் குரலைக் கேட்டுப் பழகிய எருமைகள் வேறு ஆள் ஓட்டினால் மிரண்டன. வேம்பன் குழிக்குள்ளிருந்து நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தான். அதற்குப் பிறகு அவை ஒழுங்காக மிதித்தன. நடுவில் மட்டும் ஒரு குளம்பும் படாமல் பார்த்துக்கொண்டார்கள். காரியார் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். நடுவிலும் மிதியுங்கள், கெட்டியாக மிதியுங்கள் என்று கெஞ்சினார். நடுவர் களைத்துப் போயிருக்கிறார் என்று யாரோ அவரைக் கையைப் பிடித்துப் பக்குவமாக நிழலுக்கு அழைத்துப் போனார்கள். பெண்கள் குனிந்து, பிடி பிடியாக மண் எடுத்து, காவலனுக்கு வலிக்காமல் போட்டார்கள். நாக்குத் தட்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. தலை மறைந்த இடத்தில் காத்தாயி கடைசிப் பிடியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, முதன்முறையாக வாய்விட்டு அழுதாள். நல்லது, இனி ஆறிவிடும் என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அன்றைக்கு ஏந்தலூர் தூங்கியது. காரியார் மட்டும் தூங்கவில்லை. கண்ணை மூடினால் அந்த நாக்குச் சத்தம் கேட்டது.

விடிந்ததும் கலிங்குக்குப் போனார். சேந்தியம்மை ஒரு கூடையில் களிமண் நிரப்பிக்கொண்டிருந்தாள். குடிசையின் பக்கத்தில் ஒரு எருமைக் கன்று கட்டில்லாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாகிறவன் கேட்டது அந்த ஒன்றுதான். அதை அவர் மறந்தே போயிருந்தார்.

"நான்தான் போய் அவுத்துட்டு வந்தேன். கயிறு கழுத்துல இறுகிப்போயிருந்துச்சு" என்றாள் சேந்தியம்மை. குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

காரியார் சேற்றிலேயே விழுந்தார். சபையில் எவ்வளவோ பேர் அவர் காலில் விழுந்திருக்கிறார்கள். விழுவது எப்படி என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. வார்த்தைகள் கோவையாக வரவில்லை. ஓரியைத் தெரியாமல் புதைத்தேன், வேம்பனைத் தெரிந்தே புதைத்தேன் என்றார். பயந்துவிட்டேன் என்றார். கண்ணால் பார்த்த பிறகும் இந்த வாய் அதைச் சொல்லிற்று என்று தம் வாயில் அடித்துக்கொண்டார். அவள் கூடையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எனக்குத் தண்டனை சொல்ல உங்களைவிட உரிமை யாருக்கும் இல்ல தாயே. கரையில போய் நில்லுன்னா நிக்கறேன். நாக்கை அறுத்துக்கன்னா அறுத்துக்கறேன். என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவள் மறுபடி கூடைக்குக் குனிந்து, மண்ணைக் கையால் அமுக்கிச் சமன் செய்தாள்.

"ஊரு தூங்குச்சா?"

"தூங்குச்சு."

"நீங்க?"

"கண்ணை மூட முடியல. ஒரு வார்த்தை சொல்லுங்க தாயே. எதுவா இருந்தாலும் வாங்கிக்கறேன். வாங்கிக்கிட்டாத்தான் நான் தூங்க முடியும்."

சேந்தியம்மை கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, முள்ளனின் கல் இருந்த பக்கம் திரும்பினாள்.

"அதைத்தானே பெரியவரே, ஊரும் உங்ககிட்ட கேட்டுச்சு."